ரோஜா செடியை கொல்லும் கண்ணுக்கு தெரியாத எதிரி: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சிக்கியது எப்படி?

ஓசூர்:-

செடி நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று இலையில் மஞ்சள் கோடு விழுந்தது. கொழுந்து சுருண்டு போச்சு. மொட்டு சரியாக விரியவில்லை. உரக்கடையில் போய் சொன்னால் ஒரு மருந்து கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் இன்னொரு மருந்து. அதற்கு அடுத்த வாரம் இரண்டையும் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். பாட்டிலும் காலி, பாக்கெட்டும் காலி. செடி மட்டும் தேறவில்லை.

ரோஜா பயிரிடும் விவசாயிகளுக்கு இது புதுக்கதை அல்ல. இப்படி எந்த மருந்துக்கும் மசியாத நோய்களுக்கு பின்னால் பல நேரம் ஒளிந்திருப்பது வைரஸ். கண்ணுக்கும் தெரியாது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் சிக்காது. அதை படம் பிடித்துக் காட்டுவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்ற ராட்சத கருவி.

அது எப்படி வேலை செய்கிறது? ரோஜா செடியில் வைரசை எப்படி கண்டுபிடித்தார்கள்? அதனால் நம்ம ஊர் விவசாயிக்கு என்ன லாபம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆயிரம் அடுப்பு எரியும் பூ

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர், பாகலூர், பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டை பகுதிகளில் பாலி ஹவுஸ் எனப்படும் பசுமைக்குடில்களிலும், திறந்தவெளியிலும் ரோஜா சாகுபடி நடக்கிறது. பிப்ரவரி 14-ந்தேதி காதலர் தினம் நெருங்கினால் இங்கிருந்து பூக்கள் வெளிநாடுகளுக்கு விமானம் ஏறுகின்றன.

செடி வைத்தவர் மட்டும் இதை நம்பி இருக்கவில்லை. பூ பறிக்க, தரம் பிரிக்க, கட்டு கட்ட, லோடு ஏற்ற என்று ஏராளமான கூலித்தொழிலாளர்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் இந்த செடிகளால்தான். பேங்க் கடன் வாங்கி பாலி ஹவுஸ் போட்டவர்களும் உண்டு. செடி படுத்துவிட்டால் கடன் தவணை நிற்குமா? நிற்காது.

எனவே, ‘‘செடிக்கு என்ன நோய்?’’ என்ற கேள்விக்கு சரியான பதில் தெரிவது ரொம்ப முக்கியம். பதில் தப்பானால் செலவு அத்தனையும் தண்டம்.

இலை சொல்வதெல்லாம் உண்மை அல்ல

டவுனி நோய், சாம்பல் நோய் போன்றவை பூஞ்சாணத்தால் வருபவை. இவற்றுக்கு மருந்து உண்டு. பூஞ்சாணத்தின் வித்துக்களை பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கிற சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். இலைப்பேன், செம்பேன் தாக்குதலை கையில் பிடிக்கும் லென்ஸ் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

வைரஸ் விவகாரம் அப்படி இல்லை. இலை மஞ்சளானால் அது இரும்புச்சத்து குறைவாகவும் இருக்கலாம், வைரசாகவும் இருக்கலாம். கொழுந்து சுருண்டால் அது இலைப்பேன் வேலையாகவும் இருக்கலாம், வைரசாகவும் இருக்கலாம்.

இதைவிட பெரிய குழப்பம் களைக்கொல்லி. பக்கத்து வயலில் அடித்த கிளைபோசேட் காற்றில் வந்து ரோஜா மீது பட்டால், இலை ஊசி போல் மெலிந்து, கொழுந்து கொத்துக்கொத்தாக துடைப்பம் மாதிரி வெடித்து வரும். பார்த்தால் அசல் வைரஸ் நோய் மாதிரியே இருக்கும். ‘வைரஸ்’ என்று பயந்து நல்ல செடியை பிடுங்கி எறிந்தாலும் நஷ்டம். ‘மருந்துதான் பட்டிருக்கும்’ என்று வைரஸ் செடியை விட்டு வைத்தாலும் நஷ்டம்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. செடிக்குள் புகுந்த வைரசை கொல்லும் ஸ்ப்ரே மருந்து எந்த கடையிலும் கிடையாது. பூச்சிக்கொல்லி பூச்சியை கொல்லும். பூஞ்சாணக்கொல்லி பூஞ்சாணத்தை கொல்லும். செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் வைரசை இரண்டும் ஒன்றும் செய்யாது.

எவ்வளவு சின்னது தெரியுமா?

ரோஜாவை தாக்கும் வைரஸ்களில் சில வெறும் 25 நானோ மீட்டர் அகலம்தான். ஒரு மில்லி மீட்டரை 10 லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் 1 நானோ மீட்டர்.

புரியும்படி சொல்வதென்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம். அந்த வைரசை ஒரு கடுகு அளவுக்கு ஊதிப் பெரிதாக்குவோம். அதே கணக்கில் நம் தலைமுடி ஒன்றை பெரிதாக்கினால் அது 20 அடி அகலத்துக்கு வந்து நிற்கும். 2 பஸ்கள் எதிரும் புதிருமாக போகிற ரோட்டில் ஒரு கடுகு கிடப்பது மாதிரி!

சாதாரண மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தை வைத்து பார்க்கிறோம். வெளிச்சம் என்பது ஒரு அலை. அந்த அலையின் நீளமே 400 முதல் 700 நானோ மீட்டர். அதனால் சுமார் 200 நானோ மீட்டருக்கு கீழே உள்ள பொருளை வெளிச்சத்தால் பிரித்துக் காட்ட முடியாது. பெரிய கண் உள்ள வலையை போட்டு பொடி மீன் பிடிக்கிற கதைதான். எத்தனை தடவை வீசினாலும் மீன் நழுவிவிடும்.

வலையின் கண் சின்னதாக வேண்டும். அந்த சின்ன வலைதான் எலக்ட்ரான்.

1931-ல் பெர்லினில் பிறந்தது

ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் 1931-ம் ஆண்டு எர்னஸ்ட் ரஸ்கா என்ற என்ஜினீயர், மேக்ஸ் நோல் என்பவருடன் சேர்ந்து முதல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார். அப்போது ரஸ்காவுக்கு வயது 24 தான். வெளிச்சத்துக்கு பதில் எலக்ட்ரான் கற்றை. கண்ணாடி லென்சுக்கு பதில் மின்காந்தச் சுருள். இதுதான் அவர்கள் செய்த மாற்றம்.

வேகமாக பாயும் எலக்ட்ரானுக்கும் ஒரு அலை நீளம் உண்டு. அது வெளிச்சத்தின் அலையை விட சுமார் 1 லட்சம் மடங்கு சிறியது. அதனால் வைரஸ் போன்ற நுண்பொருளும் வலைக்குள் மாட்டிக்கொள்கிறது.

இந்த கருவியில் ஆரம்ப காலத்திலேயே சிக்கிய வைரஸ்களில் ஒன்று எது தெரியுமா? மனிதனை தாக்கும் வைரஸ் அல்ல. ஒரு செடியின் வைரஸ்தான்! எர்னஸ்ட் ரஸ்காவின் தம்பி ஹெல்முட் ரஸ்கா ஒரு டாக்டர். அவரும் கூட்டாளிகளும் 1939-ல் புகையிலை தேமல் வைரசை படம் பிடித்தார்கள். 300 நானோ மீட்டர் நீளத்தில், 18 நானோ மீட்டர் தடிமனில், குச்சி குச்சியாக அது தெரிந்தது.

புகையிலை தேமல் நோய்க்கு பாக்டீரியாவை விட சிறிய ஏதோ ஒன்று காரணம் என்பது 1892-லேயே தெரியும். நோய்ச் செடியின் சாறை பாக்டீரியா கூட தாண்ட முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தும் அது நல்ல செடிக்கு நோயை கொடுத்தது. ஆனால் ‘ஏதோ ஒன்று’ என்பதை கண்ணால் பார்க்க 47 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாகி விட்டது.

எர்னஸ்ட் ரஸ்காவுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது 1986-ல். கருவியை செய்து 55 ஆண்டுகள் கழித்து, 79 வயதில் அவர் அந்த பரிசை பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இலையை எப்படி பார்க்கிறார்கள்?

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புத்தூண் மாதிரி இருக்கும். அதன் உச்சியில் எலக்ட்ரானை கக்கும் துப்பாக்கி. 80 ஆயிரம், 1 லட்சம் வோல்ட் அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் கீழே பாயும். தூணுக்குள் காற்றே இருக்கக்கூடாது. இருந்தால் எலக்ட்ரான் அதில் மோதி சிதறிவிடும். அதனால் உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

இலையை அப்படியே கொண்டுபோய் உள்ளே வைக்க முடியாது. அதற்கு 2 வழிகள் உள்ளன.

முதல் வழி சுலபமானது. சந்தேகத்துக்கு உரிய இளம் இலையில் ஒரு துண்டு நறுக்கி, சில சொட்டு கரைசல் விட்டு நசுக்குவார்கள். அந்த சாறில் ஒரு சொட்டை 3 மில்லி மீட்டர் அகலமுள்ள செம்பு வலைத்தகடு மேல் வைப்பார்கள். பிறகு யுரேனியம் உப்பு கரைசலில் ஒரு சொட்டு. ஆமாம், அணு உலையில் சொல்கிறார்களே, அதே யுரேனியத்தின் உப்புதான்.

யுரேனியம் கனமான உலோகம். எலக்ட்ரானை விடாமல் தடுக்கும். வைரசை சுற்றி அது தேங்கி நிற்கும். அதனால் படத்தில் சுற்றுப்புறம் கறுப்பாகவும், வைரஸ் மட்டும் வெளுப்பாகவும் தெரியும். தரையில் கோலப்பொடியை தூவி, நடுவில் இருந்த தட்டை எடுத்தால் தட்டின் வடிவம் மட்டும் தனியாக தெரியும் அல்லவா? அதே உத்திதான். இந்த வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

வைரசை பிடிக்க வைர கத்தி

இரண்டாவது வழிக்கு பொறுமை வேண்டும். இலையில் கடுகு அளவு துண்டை எடுத்து, ரசாயனத்தில் ஊறப்போட்டு, தண்ணீர் சத்தை முழுவதும் வெளியேற்றி, பிசின் ஊற்றி, அடுப்பில் வைத்து கல் போல் இறுக்கி விடுவார்கள். அந்த கல்லை வைரத்தால் ஆன கத்தியில் சீவுவார்கள். வைரசை பிடிக்க வைரம்!

ஒரு சீவல் 60 முதல் 90 நானோ மீட்டர் தடிமன்தான். ஒரு தலைமுடியின் தடிமனை 1000 பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு அளவு. இதற்கு பல நாட்கள் ஆகும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? சாறை நசுக்கிப் பார்த்தால் வைரஸ் இருப்பது மட்டும் தெரியும். சீவல் போட்டு பார்த்தால்தான், செல்லுக்குள் எந்த அறையில், எந்த கோலத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். ஒன்றில் திருடன் முகம் தெரிகிறது. இன்னொன்றில் அவன் குடியிருக்கும் வீடே தெரிந்துவிடுகிறது.

உருவத்தை வைத்து வைரசின் சாதியையும் ஓரளவு சொல்லிவிடலாம். குச்சியாக இருந்தால் ஒரு குடும்பம். உருண்டையாக இருந்தால் வேறு குடும்பம். 2 உருண்டைகள் ஒட்டிப்பிறந்த இரட்டைப்பிள்ளை மாதிரி இருந்தால், அது வெள்ளை ஈ மூலம் பரவும் ஜெமினி வைரஸ் குடும்பம். வெண்டையில் மஞ்சள் நரம்பு தேமலும், ரோஜாவில் ஒருவகை இலைச்சுருட்டையும் இந்த குடும்பத்தின் கைவரிசைதான்.

அமெரிக்காவை உலுக்கிய 70 ஆண்டு மர்மம்

ரோஜா விஷயத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எவ்வளவு தூரம் உதவியது, எந்த இடத்தில் தடுமாறியது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கதை நல்ல உதாரணம்.

1940-களின் தொடக்கத்தில் கனடா, அமெரிக்கா நாடுகளில் ரோஜா செடிகளை ஒரு விசித்திர நோய் தாக்கியது. கொழுந்து ரத்தச்சிவப்பாக வந்தது. தண்டு முழுக்க அளவுக்கு மீறி முள். கிளைகள் துடைப்பம் போல் கொத்துக்கொத்தாக முளைத்தன. பூ கோணலாகிப்போனது. சில ஆண்டுகளில் செடியே செத்துப்போனது. இதற்கு ‘ரோஸ் ரோசெட்’ நோய் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தார்களே தவிர காரணம் யாருக்கும் தெரியவில்லை. வைரஸ் என்றார்கள் சிலர். பாக்டீரியா போன்ற வேறு கிருமி என்றார்கள் சிலர். சிலந்திப்பேன் கடித்து விஷம் ஏறியது என்றார்கள் இன்னும் சிலர்.

விரோதியை விருந்தாளி ஆக்கினார்கள்

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஜப்பானில் இருந்து 1866-ல் அமெரிக்காவுக்கு கொண்டு வரப்பட்டது ‘மல்டிபுளோரா’ என்ற காட்டு ரோஜா. நல்ல ரோஜாவை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகத்தான் அது வந்தது. 1930-களில் மண் அரிப்பை தடுக்கவும், வேலிக்கும் இதை நடும்படி அரசாங்கமே விவசாயிகளிடம் சொன்னது. அது மேய்ச்சல் நிலம் எல்லாம் பரவி, நம்ம ஊர் சீமைக்கருவேல மரம் போல பெரும் தொல்லை ஆகிவிட்டது.

அந்த காட்டு ரோஜாவை ‘ரோஸ் ரோசெட்’ நோய் கூண்டோடு அழித்தது. பார்த்த சிலருக்கு ஒரே குஷி. ‘‘களையை ஒழிக்க இந்த நோயையே பயன்படுத்தலாமே’’ என்று ஆராய்ச்சியும் நடந்தது.

ஆனால் காட்டு ரோஜாவோடு நோய் நிற்கவில்லை. வீட்டுத்தோட்டத்து ரோஜா, பூங்கா ரோஜா என்று எல்லாவற்றையும் பிடித்தது. 2000-ம் ஆண்டில் ‘நாக்அவுட்’ என்ற ரகம் விற்பனைக்கு வந்தது. கருப்பு புள்ளி நோயை தாங்கும் ரகம் என்பதால் ஊர் ஊராக, ரோட்டோரம் எல்லாம் வரிசையாக நட்டார்கள். அந்த ரகமும் இந்த நோய்க்கு தப்பவில்லை. ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் புகழ்பெற்ற ரோஜா தோட்டத்திலேயே நோய் புகுந்து, செடிகளை பிடுங்கி எறிய வேண்டிய நிலை ஏற்பட்டது.

1983-ல் கிடைத்த துப்பு

ஆர்கன்சாஸ் மாநில விஞ்ஞானிகள் நோய் தாக்கிய ரோஜா இலையை வைர கத்தியில் சீவி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து பார்த்தார்கள். நல்ல செடியில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. இரட்டை சவ்வு போர்த்திய உருண்டைகள்! 100 நானோ மீட்டரை ஒட்டிய அளவில் அவை செல்லுக்குள் கும்பலாக கிடந்தன. 1983-ல் இந்த தகவல் வெளியானது.

போலீஸ் பாஷையில் சொன்னால், சம்பவ இடத்தில் சந்தேகப்படும்படி ஒருவன் நிற்கிறான். போட்டோவும் கிடைத்துவிட்டது. ஆனால் குற்றத்தை செய்தது அவன்தானா? போட்டோ மட்டும் அதை நிரூபிக்காது.

அடுத்த துப்பு 1988-ல் கிடைத்தது. நோயை செடிக்கு செடி கொண்டுபோவது ஈரியோபைட் வகை சிலந்தி என்று மேற்கு வர்ஜீனியா ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்தார்கள். அதன் நீளம் மில்லி மீட்டரில் ஏழில் ஒரு பங்கு. இறக்கை கிடையாது. காற்றில் மிதந்து போய் அடுத்த செடியில் இறங்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும், மொட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கும் இதை வேறொரு வகை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், கால் முளைத்த கேரட் மாதிரி, தெளிவாக பார்க்கலாம்.

இந்த ஈரியோபைட் சிலந்தியின் சொந்தக்காரனை தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாக தெரியும். 1998-ல் இருந்து தேங்காயில் பழுப்பு திட்டு விழ வைத்து, காயை சிறுக்க வைத்து, தென்னை விவசாயிகளை அழ வைத்த அதே குடும்பம்தான்.

84-க்கு 84

மர்மம் முழுசாக உடைந்தது 2011-ல். ஆர்கன்சாஸ் பல்கலைக்கழக குழு, நோய் தாக்கிய செடியில் இருந்து வைரசின் மரபுப்பொருளை பிரித்து எடுத்து படித்தது. பிறகு அமெரிக்காவின் கிழக்கு பகுதியில் இருந்து நோய் உள்ள 84 செடிகளை சோதித்தார்கள். 84-லும் வைரஸ் இருந்தது. நோய் இல்லாத 30 செடிகளை சோதித்தார்கள். ஒன்றில் கூட இல்லை.

70 ஆண்டு மர்மத்துக்கு விடை கிடைத்தது. ‘ரோஸ் ரோசெட் வைரஸ்’ என்று பெயரும் சூட்டினார்கள். 2020-ல் டெக்சாஸ் விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் செய்த வைரஸ் நகலை நல்ல ரோஜா செடியில் செலுத்திப் பார்த்தார்கள். அந்த செடிக்கும் அதே நோய் வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது.

1983-ல் கிடைத்த போட்டோ வீண் போகவில்லை. அத்திச்செடியிலும், துவரையிலும் இதே மாதிரி இரட்டை சவ்வு உருண்டைகள் தெரிந்திருந்தன. மூன்றும் ஒரே குடும்பம் என்று புரிய அந்த படங்கள்தான் கை கொடுத்தன.

துவரையில் வருவது வேறு எதுவும் அல்ல. செடி பச்சைப்பசேல் என்று புதர் மாதிரி இருக்கும், ஆனால் பூவும் வராது, காயும் வராது. நம் விவசாயிகள் சொல்லும் மலட்டு தேமல் நோய்தான் அது. 1931-ல் பீகாரில் பதிவான அந்த நோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் விஞ்ஞானிகளும், ஸ்காட்லாந்து விஞ்ஞானிகளும் கண்டுபிடித்தது 2000-ம் ஆண்டு வாக்கில்தான். அதை பரப்புவதும் ஒரு ஈரியோபைட் சிலந்திதான்.

கண்ணாமூச்சி காட்டும் தேமல்

ரோஜாவில் இன்னொரு ரகசிய எதிரியும் உண்டு. அது தேமல் நோய். இலையில் மின்னல் வெட்டியது போல் மஞ்சள் கோடு, வளையம், வலைப்பின்னல் என்று விதவிதமாக கோலம் போடும். இதற்கு பெரும்பாலும் காரணம் ‘புரூனஸ் நெக்ரோடிக் ரிங்ஸ்பாட்’, ‘ஆப்பிள் மொசைக்’ என்ற 2 வைரஸ்கள்.

இதில் ஆபத்து என்னவென்றால், குளிர்ந்த பருவத்தில் வரும் கொழுந்தில் கோலம் தெரியும். வெயில் ஏறியதும் வரும் இலைகளில் மறைந்துவிடும். ‘‘அடித்த மருந்து கேட்டுருச்சு’’ என்று விவசாயி நினைப்பார். உண்மையில் வைரஸ் உள்ளேயேதான் இருக்கும். செடி கொஞ்சம் கொஞ்சமாக சோர்ந்து, பூ எண்ணிக்கையும் அளவும் குறையும்.

அந்த நேரத்தில் ‘நல்லா இருக்குதே’ என்று அதில் இருந்து மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டினால் முடிந்தது கதை. ஒரு செடியின் நோய் 100 செடிக்கு போய்விடும். ரோஜாவில் தேமல் பரவும் முக்கிய வழியே ஒட்டுக்கட்டுதல்தான். மொட்டில் இருந்தாலும் வரும், வேர்ச்செடியில் இருந்தாலும் வரும்.

கருவியும் தடுமாறும்

இந்த தேமல் வைரசிடம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பே சில நேரம் தோற்றுப் போகும். வைரஸ் 25 நானோ மீட்டர் உருண்டை. செடியின் செல்லுக்குள் இயற்கையாகவே இருக்கும் ரைபோசோம் என்ற பொருளும் கிட்டத்தட்ட அதே அளவு உருண்டை. எது திருடன், எது வீட்டுக்காரன் என்று சொல்ல முடியாது. ரோஜா இலைச்சாற்றில் துவர்ப்புச் சத்து அதிகம். அதில் வைரஸ் சீக்கிரம் சிதைந்தும் போகும்.

இதற்கு ஒரு தூண்டில் உத்தி 1973-ல் வந்தது. குறிப்பிட்ட ஒரு வைரசை மட்டும் பிடித்துக்கொள்ளும் ‘ஆண்டிபாடி’ என்ற புரதத்தை முதலில் செம்பு வலை மேல் தடவுவார்கள். பிறகு இலைச்சாறை விடுவார்கள். அந்த வைரஸ் மட்டும் தூண்டிலில் மாட்டும். மற்றவை கழுவினால் போய்விடும். அதன்பிறகு பார்த்தால் குழப்பம் குறையும்.

இப்போது அன்றாட சோதனைக்கு எலிசா, பி.சி.ஆர். முறைகளைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். சோதனைதான் செடிக்கும். செலவு குறைவு. ஒரே நேரத்தில் நிறைய செடிகளை பார்க்கலாம்.

அப்படியானால் கோடிக்கணக்கில் விலை உள்ள எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எதற்கு? பி.சி.ஆர். சோதனையில் நாம் எந்த வைரசை தேடுகிறோமோ அது இருக்கிறதா, இல்லையா என்று மட்டும்தான் தெரியும். பெயர் தெரியாத புது எதிரி வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு பெயர் வேண்டாம். உள்ளே யார் இருந்தாலும் காட்டிவிடும். புது நோய் வரும்போது அதன் அருமை தெரியும்.

இந்தியாவில் நிலவரம்

இந்தியாவிலும் ரோஜா வைரஸ் ஆராய்ச்சி நடந்துள்ளது. இமாச்சலபிரதேச மாநிலம் பாலம்பூரில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் 2000-களில் ரோஜா செடிகளில் தேமல் வைரசை கண்டறிந்தது. ‘ரோஸ் ரோசெட் வைரஸ்’ இந்திய தோட்ட ரோஜாக்களிலும் இருப்பதாக மேற்கு வங்காள ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை 2017-ல் வெளியானது.

செடி வைரஸ் ஆராய்ச்சிக்காக டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் உள்ளது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மை பல்கலைக்கழகத்திலும் இந்த கருவி இருக்கிறது.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

* ஒரே செடிக்கு 2 தடவை மருந்து அடித்தும் கேட்கவில்லை என்றால், 3-வது மருந்து வாங்கும் முன்பு நோய் என்னவென்று சோதிக்க வேண்டும்.

* சந்தேக செடியில் இருந்து மொட்டோ, குச்சியோ எடுத்து ஒட்டுக்கட்டவோ, பதியம் போடவோ கூடாது. நாற்று வாங்கும்போது விலை மலிவு என்று பார்க்காமல், தாய்ச்செடி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

* மஞ்சள் கோலம் தெரியும் செடியில் அப்போதே ரிப்பன் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். வெயிலில் கோலம் மறைந்த பிறகு எந்த செடி என்று தெரியாமல் போய்விடும்.

* பக்கத்தில் யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். அடித்திருந்தால் உடனே செடியை பிடுங்க வேண்டாம்.

* சோதனைக்கு காய்ந்த இலை பயன்படாது. நோய் தெரியும் இளம் இலைகளை பறித்து பாலிதீன் கவரில் போட்டு, குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக வேண்டும். கூடவே நல்ல செடியின் இலையும் வேண்டும். ஒப்பிட்டு பார்க்க அது உதவும். கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் எலுமிச்சங்கிரியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் ஆலோசனை கேட்கலாம்.

* கொழுந்து சிவந்து, முள் அதிகமாகி, துடைப்பம் போல் வந்த செடியில் வைரஸ் உறுதியானால் வேரோடு பிடுங்கி, மூட்டை கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வரப்பில் போட்டு வைத்தால் சிலந்தி காற்றில் ஏறி அடுத்த செடிக்கு போய்விடும்.

தேமல் வைரசில் இருந்து ஒரு அருமையான ரகத்தை காப்பாற்ற வழி இருக்கிறது. தொட்டிச்செடியை சுமார் 38 டிகிரி வெப்பத்தில் 4 வாரம் வரை வைத்து, அதன்பிறகு அதில் இருந்து மொட்டு எடுத்து வளர்ப்பார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் டேவிஸ் நகர பல்கலைக்கழகத்தில் வைரஸ் இல்லாத தாய்ச்செடிகளை இப்படி உருவாக்கி கொடுத்திருக்கிறார்கள். இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஆய்வகத்தில் செய்வது. வயலில் நிற்கும் செடிக்கு இது பொருந்தாது.

70 ஆண்டுகளாக காரணம் தெரியாமல் அமெரிக்காவில் செடிகள் செத்தன. சின்ன உருண்டை ஒன்று படத்தில் தெரிந்த பிறகுதான் தேடல் சரியான பாதைக்கு வந்தது. நம்ம ஊர் விவசாயி அந்த படத்தை பார்க்க வேண்டியது இல்லை. மருந்து பாட்டிலை திறக்கும் முன்பு 4 இலையை பறித்து கவரில் போட்டால் போதும். அடுத்த வருஷம் நட வேண்டிய செடியாவது தப்பிக்கும்.